விருந்தினரும் வீட்டாரும்

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை யாவரும் அறிவோம். அதனை அவர் எவ்விடத்திலே வைத்தார் என்பதைச் சிலரே கவனிப்பர். பொருளீட்டும் வழியைக் கூறுமிடத்து அவர் அதனை வைத்தாரில்லை. இல்லறவியலிலே, இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை ஆகிய நான்கினையும் கூறியபின் ஐந்தாவதாக வைத்தார். முதலில் வீடு இருத்தல் வேண்டும். அதிலே வாழ்வார் இருத்தல் வேண்டும். அவர்தம் மக்கள் முற்றத்திலே விளையாடுதல் வேண்டும். அதன்பின்னரே விருந்தினரைப் பற்றிய பேச்சு எழுகின்றது.

நேயர்களே, இம்முறை வைப்பினை மனத்திற்கொண்டு, இன்று நம் தீவகத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தைப் பற்றிச் சிந்திப்போம். உல்லாசப் பிரயாணம் என்று நாம் சொல்லும் தொழில் உலகெங்கும் பெருகியிருக்கின்றது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த பிறநாட்டுப் பிரயாணிகள் நாலரை இலட்சத்துக்கும் குறைந்தவர். 2018ஆம் ஆண்டிலே அத்தொகை 23 இலட்சத்தைக் கடந்தது. பின்னர் 2019இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்களும், கொரோனா நோயும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அதனைத் தாழ்த்தின. எனினும் 2024ஆம் ஆண்டிலே அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று. வருவோர் தொகையை எண்ணுவதற்குத் திணைக்களங்கள் உண்டு. அவ்வருகையினால் ஊரிலே வாழ்வார்க்கு நேர்வது யாது என்பதை எண்ணிப் பார்ப்பதோ ஊராரின் கடமையாகின்றது.

பழைய நகரங்களிலே நிகழும் ஒரு மாற்றத்துக்கு 1964ஆம் ஆண்டிலே ஓர் ஆங்கிலப் பெயர் உண்டாயிற்று. இலண்டன் மாநகரின் சமூக வாழ்வை ஆராய்ந்த ரூத் கிளாஸ் என்னும் அம்மையார், தொழிலாளர் வாழ்ந்த தெருக்களிலே செல்வர் வந்து வீடு வாங்க, பழைய குடிகள் மெல்ல மெல்ல அகன்றுபோவதைக் கண்டார். கனவான்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்றும் அம்மாற்றத்துக்கு அவர் ஒரு பெயர் அமைத்தார். நாம் அதனைச் செல்வர் குடியேற்றம் என்று இங்கே வழங்குவோம்.

இது நிகழும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். பழமையான தெரு ஒன்றிலே சிதைந்து கிடக்கும் வீட்டை, அதன் அழகிலே மனம் பறிகொடுத்த ஒருவர் வாங்கித் திருத்துகின்றார். அதனைக் கண்டு இருவர் வருகின்றனர். பின்னர் பதின்மர் வருகின்றனர். நிலத்தின் விலை ஏறுகின்றது. அயல்வீட்டார் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் ஈட்டவியலாத தொகையை ஒருவர் நீட்டும்போது, மகளின் சீதனத்தையும் மகனின் படிப்பையும் நினைந்து அவர் மகிழ்வோடு கையொப்பமிடுகின்றார். அவரை யாரும் துரத்தவில்லை. ஆயினும், விற்ற பணத்தைக் கொண்டு அதே தெருவிலே ஒரு சிறு குடிலைத்தானும் அவர் மீண்டும் வாங்குதல் இயலாது. வாடகைக்கு இருந்தவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவருக்குக் கையிலே பணமும் இல்லை.

வீடுகளைத் தொடர்ந்து கடைகள் மாறுகின்றன. அரிசிக்கடை இருந்த இடத்திலே கோப்பிக்கடை வருகின்றது; தையற்கடை இருந்த இடத்திலே ஞாபகப்பொருள் விற்கும் கடை வருகின்றது. சைக்கிள் திருத்துபவர் வேறு ஊர் தேடுகின்றார். ஊரிலே எஞ்சிய கிழவி ஒருத்தி ஒரு கொத்து அரிசி வாங்கப் பஸ் ஏறவேண்டியவளாகின்றாள். இறுதியாகப் பாதிக்கப்படுவது பள்ளிக்கூடம். ஆசிரியத் தொழிலிலே நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையிலே ஒன்று கூறுவேன்: ஓர் ஊரின் உயிர்க்கணக்கு அதன் பள்ளிக்கூட இடாப்பிலே இருக்கின்றது. தெருக்கள் சனத்திரளால் நிறைந்திருக்க, முதலாம் வகுப்பு இடாப்பிலே பெயர்கள் குறைந்துகொண்டு வருமாயின், அவ்வூர் வாழ்கின்றது என்று சொல்லுதல் கூடாது.

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரம் இதற்குச் சிறந்த சான்று. நீரின்மேல் எழுந்த அப்பழைய நகரத்திலே 1951ஆம் ஆண்டில் ஏறத்தாழ 175,000 மக்கள் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டிலே அத்தொகை 50,000க்கும் கீழே சென்றது. பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வதை 2021இலே தடுத்தனர். ஒருநாட் பிரயாணிகளிடம் குறித்த நாட்களிலே 5 யூரோ நுழைவுக்கட்டணம் அறவிடும் முறையை 2024இலே தொடங்கினர். இவையெல்லாம் குடிகளிற் பெரும்பகுதியினர் நீங்கியபின் செய்யப்பட்ட பரிகாரங்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அத்துணைத் தூரம் செல்லவேண்டியதுமில்லை; நம் நாட்டிலேயே காலிக் கோட்டை இருக்கின்றது. போர்த்துக்கேயர் 1588ஆம் ஆண்டிலே தொடங்கி, 1640இலே ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருக்கிய அக்கோட்டையினுள்ளே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. அவர்களுட் பெரும்பாலார் முஸ்லிம்கள். மசூதியும் விகாரையும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் அடங்கிய நிறைவான ஊர் அது. 1988இலே யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. பிறநாட்டார் காணி வாங்கும்போது விதிக்கப்பட்ட நூற்றுக்கு நூறு வரி 2002இலே நீக்கப்பட்டு, 2004இலே மீண்டும் விதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திலே கோட்டையின் பழைய வீடுகள் பல கைமாறின. இன்று அத்தெருக்களிலே நடப்பவர், விடுதிகளையும் உணவகங்களையும் இரத்தினக்கல் விற்கும் கடைகளையும் வரிசையாகக் காண்பர். இடிந்து விழவிருந்த வீடுகள் பல இதனாற் காப்பாற்றப்பட்டன என்பதும் உண்மையே. நடுநிலையோடு பேசுவார் அதனை மறைத்தல் கூடாது. ஆனால் சுவர்கள் காப்பாற்றப்பட்ட பல வீடுகளிலே அச்சுவர்களுக்குள் வாழ்ந்த குடும்பம் இல்லை.

இனி நம் தீவகத்துக்கு வருவோம். இத்தீவுகள் கடல்வழி நாகரிகத்தின் வாயில்களாக விளங்கியவை. ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்று வழங்கும் பெயர், கப்பற்றுறை மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் வந்தது. யானைகள் அத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்ட காலமும் உண்டு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்கு இட்டனர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனவும், காரைதீவு அம்ஸ்ரர்டாம் எனவும் பெயர் பெற்றன. நெடுந்தீவு பெற்ற டெல்வ்ற் என்னும் பெயரே இன்றுவரை ஆங்கிலத்திலே நிலைத்திருக்கின்றது. அந்த அம்ஸ்ரர்டாம் நகரமே இன்று பிரயாணிகளின் மிகுதியைத் தாங்கமாட்டாமல், ஒன்று மூடப்பட்டாலன்றி வேறொரு புதிய ஹோட்டல் எழும்பக்கூடாது என்று 2024இலே விதி செய்திருப்பது சிந்திக்கத்தக்கது.

காலிக்கும் தீவகத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. காலியிலே குடிகளை அகற்றியது விலை. இங்கே விலை வருமுன்னரே போர் வந்து அகற்றிவிட்டது. தீவகத்தார் முன்னரே கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்து வாணிகம் செய்தவர். ஆயினும் ஊரிலே வீடும் கோயிலும் வைத்திருந்தனர். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது பல்லாயிரவர் ஊரை விட்டு வெளியேறினர். கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் வளர்கின்றனர். புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரை இழந்து, உள்ளே மரம் முளைத்து நிற்கும் கல்வீடுகள் அநேகம். ஆகவே, ஆள் குறைந்த ஊருக்குள்ளே விருந்தினர் வருகின்றனர். எஞ்சியிருப்பவர் சிலராதலின் அவர்தம் குரல் எளிதிலே அமுங்கிவிடும். நம் கவலையின் வேர் இதுவே.

வழிகளோ ஒவ்வொன்றாகத் திறந்து வருகின்றன. 2014இலே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2019இலே பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023இலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவில் நிற்கும் கடற்கோட்டை ஒருகாலத்திலே சிறைச்சாலையாக இருந்தது. பின்னர் கடற்படையினர் அதனை உல்லாச விடுதியாக்கினர். நெடுந்தீவிலே முருகைக்கல்லாற் கட்டிய கோட்டையின் சிதைவும், புறாக்கூடும், பெருக்கமரமும், வெளிகளிலே திரியும் மட்டக்குதிரைகளும் காண்பார் மனத்தைக் கவர்வன. அத்தீவின் ஒரு பகுதி 2015இலே தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது.

நயினாதீவின் நிலை சிறிது வேறு. அங்கே வருவோர் இன்று நேற்று வந்தவரல்லர். நாகபூஷணி அம்மனை வழிபடத் தமிழரும், நாகதீப விகாரையை வழிபடச் சிங்களப் பௌத்தரும் ஒரே தீவிலே இறங்குகின்றனர். மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இத்தீவே என்று கொள்வாரும் உளர். மணிமேகலை அமுதசுரபி பெற்ற இடம் மணிபல்லவம். அப்பெயரையே தாங்கி அங்கே அன்னதானம் நடைபெறுகின்றது. யாத்திரிகர் வருகைக்கு ஏற்ற அமைப்பினை அவ்வூர் நெடுங்காலமாகவே வளர்த்திருக்கின்றது: மடம், அன்னதானம், திருவிழாத் தொண்டு என்பன வீட்டார் கையிலே உள்ளன. யாத்திரிகர் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு வருகின்றார்; கால் கழுவுகின்றார்; வரிசையிலே நிற்கின்றார். காட்சிக்காக மட்டும் வரும் கூட்டத்துக்கு அத்தகைய விதி இயல்பாக அமைவதில்லை. ஊரார்தாம் அதனை வகுத்தல் வேண்டும்.

அவ்விதியை எவ்வாறு வகுப்பது? மூன்று அளவைகளைக் கூறலாம். அவை படகு, நீர், காணி என்பன.

முதலாவது படகு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் வரை வாகனத்திலே செல்லலாம். அதற்கப்பால் நயினாதீவுக்குச் சிறிது நேரமும் நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் கடலிலே செல்லவேண்டும். நெடுந்தீவு மக்களுக்குப் படகே தெரு. கடும் நோயாளர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வதும், ஆசிரியர் பள்ளிக்கு வருவதும், மீனும் மாவும் மண்ணெண்ணெயும் ஏறி இறங்குவதும் அதிலேதான். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி குமுதினிப் படகிலே சென்ற பிரயாணிகள் நடுக்கடலிலே படுகொலை செய்யப்பட்டதை அம்மக்கள் மறக்கவில்லை. படகு அவர்களுக்கு வெறும் மரமும் இயந்திரமும் அன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே கடல் கொந்தளிக்கும். அப்போது ஓடும் சில படகுகளிலே, விடுமுறை நாளின் கூட்டம் இருக்கைகளை நிரப்பிவிட்டால், பார்க்கச் செல்பவர்க்கு ஒரு மகிழ்ச்சி குறையும். வீட்டுக்குச் செல்பவர்க்கோ ஒரு நாளே குறையும். ஆகவே ஊரார்க்கு முதலிடம் என்னும் விதியும், பிரயாணிகளுக்கு வேறு படகும் வேண்டும். பிரயாணிகள் படகின் வருவாயிலே ஒரு பங்கு ஊரார் படகைப் பேணச் செல்லுதல் நியாயம்.

இரண்டாவது நீர். நம் தீவுகள் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தவை; ஆறு ஒன்றும் இல்லை. மாரியிலே பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புக்கள் வழியே கீழிறங்கி, அங்குள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சிறிது பாரம் குறைந்தது; அதனாலேயே மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நிற்குமாயின் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நின்றால், கீழே உவர்நீர் நாளடைவில் 40 அடி வரை மேலெழும். துலாவினாலும் வாளியினாலும் இறைத்த காலத்திலே கிணறு மீண்டும் ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. மின்னியந்திரத்தால் நாள் முழுதும் இறைக்கும் விடுதி ஒன்று தன் கிணற்றை மட்டும் உவர்ப்பாக்குவதில்லை. வேலிக்கு அப்பாலுள்ள கிணறும் உவர்ப்பாகும். மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புக்கள் வழியே அதே நீரைச் சேரும். நெடுந்தீவிலே கொடிய வறட்சிக் காலங்களிலே குதிரைகள் நீரின்றி மடிந்ததுண்டு. ஆகையால் எத்தனை அறை கட்டலாம் என்று கேட்பதற்கு முன் எத்தனை வாளி நீர் உண்டு என்று கேட்டல் வேண்டும். மழைநீர்த் தொட்டியும் கசியாத கழிவுத் தொட்டியும் இன்றி எந்த விடுதிக்கும் பிரதேச சபை அனுமதி அளித்தல் கூடாது.

மூன்றாவது காணி. இவ்விடயத்திலே நம் முன்னோர் வழக்கம் நமக்குத் துணை செய்கின்றது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டிலே தொகுத்த தேசவழமையிலே, காணியை விற்கக் கருதுபவர் உரியவர்க்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்னும் முறை காணப்படுகின்றது. முதலில் வாங்கும் அவ்வுரிமை 1947ஆம் ஆண்டின் சட்டத்தால் வரையறை செய்யப்பட்டது. கூட்டுரிமையாளர்க்கு அது உண்டு. காணி ஒரு குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் நிற்றல் வேண்டும் என்பதே அதன் கருத்து. மேலும், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பிறநாட்டார்க்குக் காணியை அறுதியாக விற்பதைத் தடுக்கின்றது. குத்தகைக்குக் கொடுக்க இடமளிக்கின்றது. எனினும் சட்டம் கதவை மூடலாமேயன்றி வீட்டிலே விளக்கேற்றாது. கொழும்புச் செல்வர் வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் நம்மவரே பாகம் பிரியாத காணிகளைத் தூரத்திலிருந்து விற்பதும் உண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: விற்க வேண்டாம் என்று சொல்ல எவர்க்கும் உரிமை இல்லை, ஆயினும், பூட்டிய வீட்டை ஓர் ஆசிரியர்க்கோ, தாதிக்கோ, இளங்குடும்பத்துக்கோ குறைந்த வாடகைக்கு விட்டால், ஊரிலே ஒரு பிள்ளையின் பெயர் இடாப்பிலே ஏறும்.

உல்லாசப் பிரயாணிகள் வேண்டாம் என்பது இவ்வளவால் பெறப்படும் முடிவன்று. மீன்பிடியும் கால்நடையும் பனையும் தரும் வருவாய் இளைஞரை ஊரிலே நிறுத்தப் போதவில்லை. படகோட்டிக்கும் சமைப்பவர்க்கும் பனையோலைப் பெட்டி இழைப்பவர்க்கும் வரும் காசு நல்ல காசே. ஆனால் காலையிலே வந்து, கொண்டுவந்த சோற்றுப் பொதியை உண்டு, பிளாஸ்ரிக் போத்தலை எறிந்து மாலையிலே மீளும் ஆயிரவராலே ஊருக்கு எஞ்சுவது குப்பையே. ஊரார் வீட்டிலே இரண்டு இரவு தங்கி, அவர் ஆக்கிய ஒடியற்கூழை உண்டு செல்லும் பதின்மரால் அவ்வீட்டின் அடுப்பு எரிகின்றது. மேலும், ஒரே தொழிலை நம்பிய ஊரின் கதியை 2020ஆம் ஆண்டிலே கண்டோம்; விமானம் நின்றவுடன் கரையோர விடுதிகள் இருண்டன. வலையும் மாடும் பனையும் கைவிடப்படாத ஊர் அத்தகைய நாளிலும் உண்ணும்.

காலியிலும் வெனிஸிலும் காலம் கடந்தபின் கணக்குப் பார்த்தனர். தீவகத்திலே இன்னும் காலம் இருக்கின்றது. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் ஆகிய பிரதேச சபைகள், ஆண்டுதோறும் வருவோர் தொகையை எழுதும் அதே ஏட்டிலே மூன்று கணக்கையும் எழுதட்டும்: படகிலே இடம் கிடைக்காது திரும்பிய ஊரார் எத்தனை பேர், கிணறுகளிலே உவர் எவ்வளவு ஏறிற்று, முதலாம் வகுப்பிலே சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பன அவை. இம்மூன்றும் ஊருக்கு நலமாக நிற்குமளவும் விருந்தினர் வருக. நம் வாயிற்கதவு திறந்தே இருக்கும். இவற்றுள் ஒன்று பழுதாகுமாயின், அவ்வாண்டிலே புதிய விடுதிக்கு அனுமதியைச் சபை நிறுத்திவைக்கட்டும். வீட்டார் இருந்தாலன்றோ விருந்து நடக்கும்?